லெவல் 15-இல் மேசைக்கு உட்காருவதற்கு முன்: உயர் லெவல் கேரக்டரை ஆட ஒரு முழுமையான வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடுகிறவர்கள் பலருக்கு லெவல் 3, லெவல் 5 எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நிறைய கேம்பெயின்கள் (வாரக்கணக்கில் தொடரும் கதைகள்) பத்தாம் லெவலைத் தாண்டுவதற்குள் நின்றுபோய்விடுகின்றன. யாருக்காவது வேலை மாறும், யாருக்காவது கல்யாணம் ஆகும். அதனால் அதற்கு மேல் ஆடிப் பழகும் வாய்ப்பே பலருக்குக் கிடைப்பதில்லை. ஒரு நாள் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துகிறவர்), "அடுத்த வாரம் எல்லோரும் லெவல் 15 கேரக்டரோடு வாங்க" என்று சொல்லிவிடுவார். கேரக்டர் ஷீட்டை நிரப்பிப் பார்த்தால் தலை சுற்றும்.

இந்த வழிகாட்டி அவர்களுக்கானது. லெவல் 1-இலிருந்து வளர்த்துக்கொண்டு வந்தவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் உதவும். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்துத்தான் எழுதுகிறேன். 2024-இல் வந்த திருத்தங்களில் முக்கியமானவற்றை அங்கங்கே சொல்கிறேன்.

ஐந்தாம் பதிப்பில் மொத்தம் 20 லெவல். அவை நான்கு அடுக்குகள்: 1 முதல் 4, 5 முதல் 10, 11 முதல் 16, 17 முதல் 20. நாம் பேசப்போவது கடைசி இரண்டைப் பற்றி. இங்கே எண்கள் பெரிதாவதோடு விஷயம் முடிவதில்லை, கேள்வியே மாறிவிடுகிறது. கீழ் லெவலில் "என்னால் இது முடியுமா?" என்று 20 முகப் பகடையை உருட்டுகிறோம். மேலே வந்தால் பெரும்பாலானவை முடியும். ஒரு லெவல் 13 ரோக் (திருட்டுத்தனத்தில் தேர்ந்த ஆள்), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 20, ஸ்டெல்த்தில் (பதுங்குவதில்) எக்ஸ்பர்ட்டீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பதுங்க உருட்டும் பகடையோடு +15 சேரும். பதினோராம் லெவலில் கிடைக்கும் ரிலையபிள் டேலண்ட், பகடையில் 9 வரை விழுவதையெல்லாம் 10 ஆக்கிவிடும். எவ்வளவு மோசமாக உருட்டினாலும் 25. (2024 விதிகளில் இது ஏழாம் லெவலிலேயே வந்துவிடுகிறது.) ஆக, அவர் யோசிக்க வேண்டியது எங்கே நுழைவது, எதற்கு நுழைவது என்பதைத்தான். உயர் லெவல் ஆட்டத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் பகடை உருளுவதற்கு முன்பே எடுக்கும் முடிவுகளில் இருக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த முடிவுகளைப் பற்றியவை.

உதாரணத்துக்கு ஒரு ஆளை வைத்துக்கொள்வோம்: லெவல் 15 விஸார்ட் (மந்திரவாதி), இன்டெலிஜென்ஸ் 20, டெக்ஸ்டெரிட்டி 14, கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14. சராசரிக் கணக்கில் 92 ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்குவார் என்ற அளவு). எதிரே ஏன்ஷியன்ட் ரெட் டிராகன். லெவல் 15 குழுவுக்கு இது கொஞ்சம் பெரிய தீனிதான், ஆனால் கேம்பெயின் உச்சத்தில் இப்படி ஒன்றை வைக்காத டிஎம் அபூர்வம்.

படி 1: எதனால் சாவோம் என்று முதலில் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் எவ்வளவு அடிக்கலாம் என்று கணக்குப் போடுவதில் தொடங்குவார்கள். அதைத் தள்ளி வையுங்கள். முதலில் ஆறு சேவிங் த்ரோக்களையும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை, ஒவ்வொரு திறனுக்கும் ஒன்று; சுருக்கமாக சேவ்) வரிசையாக எழுதி, எது ஓட்டை என்று பாருங்கள்.

நம் டிராகனின் தீ மூச்சு 26 ஆறுமுகப் பகடைகள், சராசரி 91. டெக்ஸ்டெரிட்டி சேவுக்கு 24 வேண்டும். நம் விஸார்டுக்கு +2 மட்டுமே. பகடையில் 20 விழுந்தாலும் 22. அதாவது வாய்ப்பே இல்லை. இந்தப் பதிப்பில் அட்டாக்குக்குத்தான் 20 விழுந்தால் தானாக வெற்றி, சேவிங் த்ரோவுக்கு அந்தச் சலுகை கிடையாது. சராசரியாக ஒரே மூச்சில் 92-இல் 91 போய்விடும். மிச்சம் ஒன்று.

இதே கதை வேறு இடங்களிலும் உண்டு. இன்டெலிஜென்ஸ் 8 உள்ள ஃபைட்டர் (போர்வீரர்) மீது லிச் (செத்தும் சாகாத மந்திரவாதி) ஒன்று ஃபீபிள்மைண்ட் என்ற ஸ்பெல்லை (மந்திரத்தை) போட்டால் சேவுக்கு 20 வேண்டும், அவரால் எட்ட முடிவது 19 தான். இன்டெலிஜென்ஸும் கரிஸ்மாவும் 1 ஆகிவிடும். அடுத்து சேவ் செய்து பார்க்க 30 நாள் காத்திருக்க வேண்டும். கிரேட்டர் ரெஸ்டோரேஷன், ஹீல், விஷ் (கேட்டதை நிறைவேற்றுவது) இந்த மூன்று ஸ்பெல்களில் ஒன்று குழுவில் இல்லையென்றால் அந்த ஆட்டக்காரர் பாவம், வெறுமனே உட்கார்ந்திருப்பார்.

ஓட்டையை அடைக்கச் சில வழிகள். ரெசிலியன்ட் என்ற ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) ஒரு சேவில் ப்ரொஃபிஷியன்சி (தேர்ச்சிக்கான கூடுதல் எண்) தரும், லெவல் 15-இல் அது +5. விஸார்ட் கான்ஸ்டிடியூஷனுக்கும் ஃபைட்டர் விஸ்டமுக்கும் எடுப்பது வழக்கம், நியாயமும்கூட. அப்சார்ப் எலிமென்ட்ஸ் முதல் லெவல் ஸ்பெல்தான் (ஸ்பெல்களுக்குத் தனி லெவல், 1 முதல் 9 வரை), ஆனால் அந்த 91-ஐ 45 ஆக்கிவிடும். டெத் வார்டு எட்டு மணி நேரம் நிற்கும், கான்சன்ட்ரேஷன் (ஸ்பெல் கலையாமல் மனம் குவித்துப் பிடித்திருப்பது) வேண்டாம். பூஜ்யத்துக்குப் போக வேண்டிய ஆளை ஒரு முறை 1-இல் நிறுத்திவிடும். குழுவில் கிளெரிக்கோ (பூசாரி) ட்ரூயிடோ இருந்தால் சண்டைக்கு முன் ஹீரோஸ் ஃபீஸ்ட் கேட்டு வாங்குங்கள். 2014 விதிப்படி 12 பேர் வரை சாப்பிடலாம், 24 மணி நேரத்துக்கு யாருக்கும் பயம் பிடிக்காது, விஸ்டம் சேவுக்கு அட்வான்டேஜும் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) உண்டு. டிராகனின் ஃப்ரைட்ஃபுல் ப்ரெசன்ஸ் அதோடு காலி. 1,000 கோல்டு மதிப்புள்ள பாத்திரம் ஒன்று போய்விடும். போகட்டும், அதற்குத்தானே பணம்.

பாலடின் (புனித வீரர்) இருந்தால் அவரைச் சுற்றி 10 அடிக்குள் நிற்பவர்களுக்கு எல்லாச் சேவுக்கும் அவருடைய கரிஸ்மா சேரும். +5 என்று வைத்தால் நம் விஸார்டுக்கு இப்போது 17 விழுந்தால் போதும், 20 சதவீத வாய்ப்பு. ஆனால் ஐந்து பேரும் பாலடினைச் சுற்றிக் கும்பலாக நின்றால், 90 அடிக் கூம்பாகப் பாயும் தீ மூச்சு ஐந்து பேரையும் ஒன்றாகப் பிடிக்கும். என் முடிவு இதுதான்: மூச்சு விடும் எதிரிக்கு எதிரே சிதறி நில்லுங்கள், மனதை வசப்படுத்தும் எதிரிக்கு எதிரே பாலடினை ஒட்டி நில்லுங்கள். பதினெட்டாம் லெவலில் அந்த வட்டம் 30 அடியாக விரிந்த பிறகு இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

படி 2: ரியாக்‌ஷன் ஒன்றுதான், கான்சன்ட்ரேஷனும் ஒன்றுதான்

உயர் லெவலில் ஸ்பெல்லுக்குப் பஞ்சமில்லை. நம் விஸார்ட் ஒரு நாளைக்கு 20 ஸ்பெல் தயார் செய்துகொள்ளலாம், மொத்தம் 18 ஸ்லாட் (ஒரு ஸ்லாட் செலவானால் ஒரு ஸ்பெல்). உண்மையான பஞ்சம் இந்த இரண்டுக்கும்தான். ரியாக்‌ஷன் என்பது அடுத்தவர் டர்னில் சட்டென்று செய்யும் பதில் செயல், ரவுண்டுக்கு ஒன்றுதான். கான்சன்ட்ரேஷன் ஒரு நேரத்தில் ஒரு ஸ்பெல்லுக்குத்தான், அடி வாங்கினால் கான்ஸ்டிடியூஷன் சேவ் செய்து காப்பாற்ற வேண்டும்.

ஒரு காட்சியைப் பார்ப்போம். டிராகன் மணிக்கணக்காக வானத்திலேயே சுற்றும், வேகம் 80 அடி. தரையில் நிற்கும் ஃபைட்டர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சரி என்று விஸார்ட் ஐந்தாம் லெவல் ஸ்லாட்டில் ஃப்ளை போட்டு மூன்று பேரைப் பறக்க வைக்கிறார். நல்ல யோசனை. அடுத்த டர்னில் டிராகன் விஸார்டைப் பார்த்து மூச்சு விடுகிறது. 91 டேமேஜ், அப்சார்ப் எலிமென்ட்ஸ் போட்டு அதை 45 ஆக்கிக்கொள்கிறார். கான்சன்ட்ரேஷனைக் காப்பாற்ற அதில் பாதி, அதாவது 22 எடுக்க வேண்டும். அவருக்கு +2 தான், பகடையில் 20 விழுந்தால்தான் உண்டு. விழவில்லை. மூன்று பேரும் வானத்திலிருந்து விழுகிறார்கள். விஸார்டிடம் ஃபெதர் ஃபால் இருக்கிறது, ஐந்து பேரைக் காப்பாற்றும். ஆனால் அதற்கும் ரியாக்‌ஷன் வேண்டும், அதை ஏற்கனவே அப்சார்ப் எலிமென்ட்ஸுக்குச் செலவு செய்துவிட்டார்.

குழு அழிவது பெரும்பாலும் இப்படித்தான், கெட்ட பகடையால் அல்ல. தீர்வு எளிது: ஃபெதர் ஃபாலை ஸ்பெல் போடும் வேறொருவர், பார்டோ சாசரரோ, வைத்திருக்க வேண்டும். இதைச் சண்டையில் கண்டுபிடிக்க முடியாது, முந்தைய நாளே பேசி வைக்க வேண்டும். குழுவில் யாருடைய ரியாக்‌ஷன் எதற்கு, யாருடைய கான்சன்ட்ரேஷன் எதில் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யாருக்காவது இரண்டு வேலை விழுந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

ஃபைட்டருக்கும் ஒரு வார்த்தை. அடுத்தவர் ஸ்பெல்லை நம்பியே பறக்காதீர்கள். விங்டு பூட்ஸ் மாதிரி ஏதாவது தேடுங்கள், இல்லையென்றால் ஒரு மேஜிக் லாங்போ. அதன் எட்டும் தூரம் சாதாரணமாக 150 அடி. மேஜிக் பொருட்களில் மூன்றுக்குத்தான் அட்யூன் ஆக (பிணைந்துகொண்டு முழு சக்தியைப் பெற) முடியும் என்பதால், அந்த மூன்றில் ஒன்று நகர்வதற்கு, ஒன்று தற்காப்புக்கு என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தை அடிக்க வைத்துக்கொள்ளலாம்.

படி 3: எதிரி எங்கே வீக்கோ அங்கே அடியுங்கள்

நம் விஸார்டின் ஸ்பெல்லைத் தாங்க எதிரிக்கு 18 வேண்டும். இந்த டிராகனின் கான்ஸ்டிடியூஷன் சேவ் +16. பகடையில் 1 விழுந்தால் மட்டுமே தோற்கும். அதன் இன்டெலிஜென்ஸ் சேவ் வெறும் +4, 13 வரை எது விழுந்தாலும் தோல்வி, அதாவது 65 சதவீதம். ஒரே எதிரி, ஒரே விஸார்ட், எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் 5-க்கும் 65-க்கும் உள்ள வித்தியாசம். இந்த எண்கள் ஆட்டக்காரருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் மலை மாதிரி உடம்புள்ள ஒன்றின் மேல் கான்ஸ்டிடியூஷன் ஸ்பெல் போடாமல் இருக்க எண் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த தடை லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ். பெரிய எதிரிகள் தோற்ற சேவை ஒரு நாளைக்கு மூன்று முறை வெற்றியாக மாற்றிக்கொள்ளலாம். எட்டாம் லெவல் ஸ்லாட்டை முதல் டர்னிலேயே வீசி, "லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ்" என்று டிஎம் சிரித்தபடி சொல்லும்போது வரும் எரிச்சல் இருக்கிறதே! இரண்டு வழி உண்டு. ஒன்று, சின்ன ஸ்லாட்டில் தொந்தரவான ஸ்பெல்களைப் போட்டு அந்த மூன்றையும் கரைப்பது. இரண்டாம் லெவல் ஃபேன்டஸ்மல் ஃபோர்ஸ் இன்டெலிஜென்ஸ் சேவ்தான், குழுவில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்தால் இரண்டு ரவுண்டில் கரையும். இன்னொன்று, சேவே கேட்காத ஸ்பெல். எட்டாம் லெவல் மேஸ் அப்படிப்பட்டது. டிராகன் நேராக ஒரு புதிர்ப்பாதைக்குள் போய்விடும். வெளியே வர இன்டெலிஜென்ஸ் செக்கில் 20 எடுக்க வேண்டும், நம் டிராகனுக்கு ஒவ்வொரு டர்னிலும் 25 சதவீத வாய்ப்பு. செக் என்பதால் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் உதவாது. அந்த இடைவெளியில் கூட வந்த சில்லறை எதிரிகளைத் தீர்க்கலாம், விழுந்தவர்களை எழுப்பலாம், அது திரும்பி வரும் இடத்தைச் சுற்றி வசதியாக நின்றுகொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த உயர் லெவல் ஸ்பெல் இதுதான், விண்கற்களைப் பொழியும் மீட்டியோர் ஸ்வார்ம் அல்ல.

எதிரே ஸ்பெல் போடுகிறவர் இருந்தால் 60 அடி என்ற எண்ணை மறக்காதீர்கள். அடுத்தவர் ஸ்பெல்லைப் போடும்போதே தடுக்கும் கவுன்டர்ஸ்பெல்லின் எல்லை அது. 65 அடியில் நின்று போட்டால் யாரும் தடுக்க முடியாது. (2024-இல் கவுன்டர்ஸ்பெல் மாறியிருக்கிறது: ஸ்பெல் போடுகிறவர் கான்ஸ்டிடியூஷன் சேவ் செய்கிறார், தோற்றாலும் ஸ்லாட் போகாது.)

படி 4: உங்கள் டர்னை இரண்டு நிமிடத்தில் முடியுங்கள்

ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம் யோசித்தால் ஒரு ரவுண்டுக்கு 25 நிமிடம், டிஎம்முடைய நேரம் தனி. உயர் லெவல் ஆட்டம் அலுப்பு என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஷீட்டை அப்படியே பார்த்து ஆடாதீர்கள். ஒரு சின்ன அட்டையில் ஆக்‌ஷன், போனஸ் ஆக்‌ஷன், ரியாக்‌ஷன் என்று மூன்று பகுதி பிரித்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் மூன்று நான்கை மட்டும் எழுதுங்கள். அதோடு ஒரு வழக்கமான டர்ன்: வேறொன்றும் தோன்றாவிட்டால் இதைச் செய்வேன் என்று. அட்டாக் பகடையையும் டேமேஜ் பகடையையும் சேர்த்தே உருட்டுங்கள். லெவல் 15 ஃபைட்டர் ஆக்‌ஷன் சர்ஜ் போட்டால் ஆறு அட்டாக், ஒவ்வொன்றாக உருட்டிக் கூட்டினால் பக்கத்திலிருப்பவர் டீ போட்டுக்கொண்டு வந்துவிடுவார். நிறையப் பகடை வேண்டிய ஸ்பெல்களுக்கு டிஎம் சம்மதித்தால் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். மீட்டியோர் ஸ்வார்முக்கு 40 பகடை, சராசரி 140. ஆனால் முதல் முறை மட்டும் உருட்டுங்கள், அந்தச் சத்தத்தைக் கேட்காமல் விடக் கூடாது.

படி 5: எதைச் செலவழிக்க மாட்டோம் என்று முடிவெடுங்கள்

லெவல் 15-இல் ஆறாம், ஏழாம், எட்டாம் லெவல் ஸ்லாட் ஆளுக்கு ஒன்றுதான். விஸார்டின் ஆர்கேன் ரிகவரி ஆறாம் லெவலையும் அதற்கு மேலானவற்றையும் திருப்பித் தராது. ஏழாம் லெவலை டெலிபோர்ட்டுக்காக விட்டுவையுங்கள் என்பேன். உங்களோடு எட்டுப் பேர் வரை, 10 அடிக்குள் நின்றால் போதும், ஒரே ஆக்‌ஷனில் தப்பிக்கலாம். வாயால் சொன்னால் போதும் என்பதால் கையைக் கட்டியிருந்தாலும் வேலை செய்யும், சைலன்ஸ் வட்டத்துக்குள் மட்டும் மாட்டாதீர்கள்.

அப்புறம், செத்தவர்களை எழுப்பும் ஸ்பெல்களுக்கு வேண்டிய வைரங்கள். ரிவிவிஃபைக்கு 300 கோல்டு, ரெய்ஸ் டெட்டுக்கு 500, ரெசரக்‌ஷனுக்கு 1,000, ட்ரூ ரெசரக்‌ஷனுக்கு 25,000. பையில் பணம் இருந்தால் ஆகாது, வைரமாகவே இருக்க வேண்டும். 300 கோல்டு வைரங்களைக் குறைந்தது இரண்டு பேரிடம் பிரித்து வையுங்கள், ஏனென்றால் கிளெரிக்கும் சாவார். உடலையே தூளாக்கும் டிஸின்டிகிரேட்டில் செத்தால் ட்ரூ ரெசரக்‌ஷன் அல்லது விஷ் தவிர வழியில்லை. விஸார்டாக இருந்தால் லெவல் 15 எட்டியதும் குளோன் (செத்தால் உயிர் போய்ச் சேரும் மாற்று உடல்) ஒன்றைத் தொடங்கி வையுங்கள். பக்குவமாக 120 நாள் ஆகும், அதனால் கதையில் நாட்கள் ஓடும்போதே செய்துவிட வேண்டும்.

படி 6: டிஎம்மோடு முன்கூட்டியே பேசுங்கள்

லெவல் 15 குழு ஒரு மாலையில் எந்த ஊருக்கும் போகும், பிளேன் ஷிஃப்ட் இருந்தால் வேறு உலகத்துக்கும் போகும். டிஎம் எதைத் தயார் செய்வார், பாவம்? அதனால் ஒவ்வொரு செஷன் முடிவிலும் "அடுத்த வாரம் நாங்கள் இங்கே போகிறோம், இதைச் செய்யப் போகிறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். இந்த ஒரு பழக்கம் எந்த ஹவுஸ் ரூலையும் விட அதிகம் உதவும். சொன்ன சொல்லை அடுத்த வாரம் மாற்றாமல் இருப்பதும் முக்கியம்.

இன்னொன்று, ஆட்டத்தை முறிக்கும் ஸ்பெல்களைப் பற்றிய ஒப்பந்தம். ஃபோர்ஸ்கேஜ் (எதிரியை அடைக்கும் மந்திரக் கூண்டு), சிமுலாக்ரம் (ஒருவரின் நகலை உருவாக்குவது), விஷ் மூன்றையும் கேரக்டர் உருவாக்கும்போதே பேசி முடியுங்கள். 2014 ஃபோர்ஸ்கேஜுக்குக் கான்சன்ட்ரேஷன்கூட வேண்டாம், 2024-இல்தான் சேர்த்தார்கள். சிமுலாக்ரம் சாதாரணமாக 12 மணி நேரமும் 1,500 கோல்டு மதிப்புள்ள மாணிக்கத் தூளும் கேட்கும், விஷ் வழியாகப் போட்டால் இரண்டும் வேண்டாம். அங்கிருந்து நகல் மேல் நகல் என்று ஆரம்பித்தால் அன்றோடு கேம்பெயின் முடிந்தது. பெரும்பாலான மேசைகளில் "நீங்கள் அதைச் செய்யவில்லை என்றால் நானும் செய்ய மாட்டேன்" என்ற டிஎம்மின் ஒரு வரி போதுமானதாக இருக்கிறது.

படி 7: இவ்வளவு பெரிய ஆளுக்கு என்ன வேண்டும்?

நேரடியாக லெவல் 15-இல் உருவாக்கும் கேரக்டர் பெரும்பாலும் உயிரில்லாமல் இருக்கும், பழைய கதை இல்லாததால். நீண்ட வரலாறு எழுத வேண்டாம். கடந்து வந்த அடுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நிகழ்ச்சி: லெவல் 1 முதல் 4 வரை இருந்தபோது யார் இவரைக் காப்பாற்றினார்கள், 5 முதல் 10-இல் யாரைப் பகைத்துக்கொண்டார், 11-க்கு மேல் எந்த ஊர் இவர் பெயரைக் கேட்டால் கதவைச் சாத்துகிறது. மூன்று வரி. டிஎம் கையில் கொடுத்தால் மூன்று கதைக்கு விதை.

பிறகு, ஸ்பெல்லால் தீராத ஒரு ஆசையைக் கொடுங்கள். செத்த அண்ணனை எழுப்ப வேண்டும் என்பது ஆசையல்ல, 1,000 கோல்டு வைரம். எழுந்து வந்த அண்ணன் "என்னை ஏன் எழுப்பினாய்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்றால் அது வேறு. ரெசரக்‌ஷன் விதிப்படி விருப்பமில்லாத ஆன்மா திரும்பி வராது என்பதால், வந்தவன் ஒரு கணமாவது சம்மதித்திருக்கிறான் என்றும் ஆகிறது. அந்த முரணை வைத்தே பல செஷன் ஓட்டலாம். மன்னர்களோடு பேசும்போது கவனியுங்கள்: லெவல் 15 ஆளைக் கண்டு அரண்மனை பயப்படும். அந்தப் பயத்தை உங்கள் கேரக்டர் ரசிக்கிறாரா, வெட்கப்படுகிறாரா, கவனிக்கவே இல்லையா என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் உரையாடல் தானாக வரும்.

படி 8: 17-க்கு மேல்

ஒன்பதாம் லெவல் ஸ்பெல் 17-இல் வருகிறது, 20 ஆனாலும் ஒன்பதாம் லெவல் ஸ்லாட் ஒன்றுதான். ஃபோர்சைட் (உருட்டும் பகடைக்கெல்லாம் அட்வான்டேஜ் தரும் ஸ்பெல்) எட்டு மணி நேரம் கான்சன்ட்ரேஷன் இல்லாமல் நிற்கும். அதை உங்கள் மேல் போட்டுக்கொள்ளாமல் ஆறு அட்டாக் செய்யும் ஃபைட்டர் மேல் போடுங்கள், இரண்டு பேருக்கும் அன்று நல்ல நாள். பவர் வேர்டு கில் எதிரியிடம் 100-க்குள் ஹிட் பாயிண்ட் இருந்தால்தான் கொல்லும், அதனால் குழு அடித்த கணக்கை யாராவது ஒருவர் எழுதிக்கொண்டே வர வேண்டும்.

விஷ்ஷைத் தினசரி பயன்படுத்துவதென்றால் எட்டாம் லெவல் வரையிலான வேறொரு ஸ்பெல்லை நகலெடுக்க மட்டும் பயன்படுத்துங்கள், அதில் ஆபத்தில்லை. அதைத் தாண்டி எதைக் கேட்டாலும் ஸ்ட்ரெங்த் சில நாளைக்கு 3 ஆகிவிடும், லாங் ரெஸ்ட் எடுக்கும் வரை ஒவ்வொரு ஸ்பெல்லும் உங்களையே அடிக்கும், 33 சதவீத வாய்ப்பில் இனி விஷ் போடவே முடியாது. எனவே அந்தப் பெரிய வேண்டுதலைக் கேம்பெயினின் கடைசி செஷன் வரை தள்ளி வையுங்கள். இழப்பதற்கு அதன் பிறகு ஒன்றுமில்லை. என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் இரண்டு வாரம் முன்பே டிஎம்மிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், அவருக்கும் எழுத நேரம் வேண்டும்.